இறங்கித் தள்ளு: சென்னைத் தெருவில் சைக்கிளும் சட்டமும்

“வூட்ல சொல்லிகினு வந்தியா?”

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. லஸ் முனையிலோ, பனகல் பார்க் திருப்பத்திலோ, அடையாறு சிக்னலிலோ ஒருமுறையாவது பஸ் ஜன்னலிலிருந்தோ ஆட்டோவிலிருந்தோ இது நம் தலையில் வந்து விழுந்திருக்கும். வசவு என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு வசவைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இதற்குள் ஒரு முழு நீதி சாஸ்திரமே இருப்பது தெரியும். சாலைக்கு வருவது சாவுக்கு வருவது. வீட்டில் விடைபெற்றுக்கொண்டு வரவேண்டியது வந்தவனின் கடமை. இடிக்கப்போகிற வண்டிக்கு இதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆபத்தை உண்டாக்குபவனை விட்டுவிட்டு, ஆபத்துக்கு ஆளாகிறவனை விசாரிக்கிற இந்தத் தர்க்கம் ஏதோ ஒரு டிரைவரின் கோபத்தில் பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. நூற்றைம்பது வருஷச் சட்டமும் அதைவிடப் பழைய சாதியும் சேர்ந்து தெருவுக்குக் கற்றுக்கொடுத்த மொழி அது. அந்த மொழியின் மையத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருக்கிறது: இறங்கு.

1

‘சாலைப் பாதுகாப்பு’ என்றதும் ஹெல்மெட், சிக்னல், ஜீப்ரா கோடு என்று தொடங்கிவிடுவது நம் வழக்கம். நான் வேறு இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். தமிழ்நாட்டில் தீண்டாமை பற்றி நடந்த கள ஆய்வுகளில், செருப்பு, தோள்துண்டு, இரட்டைக் குவளை ஆகியவற்றோடு திரும்பத் திரும்ப வருகிற ஒரு விதி உண்டு. ஊர்த் தெருவுக்குள் தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. தெருமுனையில் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சைக்கிள் வைத்திருப்பது குற்றமல்ல. அதன்மேல் உட்கார்ந்திருப்பதுதான் குற்றம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்கு மேலே ஒரு தலித்தின் தலை நகர்ந்து போவதைத்தான் தெரு பொறுத்துக்கொள்ளவில்லை. இங்கே உயரம் என்பது அங்குலக் கணக்கில் அளக்கப்படும் அதிகாரம்.

அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று வருகிற பட்டியலில் சாலையும் இருக்கிறது. சாதியின் பேரால் எவரையும் சாலையிலிருந்து தடுக்கக்கூடாது என்பது போக்குவரத்து விதியாக அல்லாமல் அடிப்படை உரிமையாக எழுதப்பட்டிருப்பது கவனத்துக்குரியது. போக்குவரத்துப் பொறியாளர்கள் பேசும்போது இந்தப் பிரிவு அவர்கள் நினைவுக்கு வருவதே இல்லை. சாலை அவர்களுக்கு ஒரு குழாய். அதற்குள் வண்டிகள் ஓடவேண்டும். சைக்கிளைப் பற்றிய எந்த விவாதமும், சாலை யார் யார் ஒருவரை ஒருவர் சமமாகக் கடந்து போகலாம் என்று முடிவு செய்கிற இடம் என்பதிலிருந்துதான் தொடங்க முடியும்.

2

காலனியச் சட்டம் சைக்கிள்காரனை எப்படிப் பார்த்தது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 279ஆம் பிரிவில், பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி வண்டி ஓட்டுவதையும் சவாரி செய்வதையும் குற்றமாக்கியது. எந்திரம் வேண்டியதில்லை, மாட்டுவண்டிக்காரனும், குதிரைக்காரனும், பின்னால் வந்த சைக்கிள்காரனும் இதற்குள் அடக்கம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 281ஆம் பிரிவாக நம்பர் மாறி உட்கார்ந்திருக்கிறது. 1888இல் வந்த சென்னை நகரக் காவல் சட்டம் தெருவில் உடல்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒழுங்குபடுத்தியது. ஆக, குற்றம் செய்யக்கூடியவனாக சைக்கிள்காரன் சட்டத்தின் கண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே நன்றாகத் தெரிந்திருக்கிறான்.

இதே காலத்து இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 1865இல் அங்கே வந்த சட்டம், தானே ஓடும் எந்திர வண்டிகளை நாலு மைல் வேகத்துக்குள் அடக்கி, வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போகவேண்டும் என்றது. ஆபத்தை உண்டாக்குபவன்தான் எச்சரிக்கவும் வேண்டும் என்பது அன்றைய நியாயம். 1896இல் அந்தச் சட்டம் தளர்ந்தது. அதன்பிறகு மோட்டாருக்கு முன்னால் கொடி பிடித்து நடக்க ஆள் இல்லை. மோட்டாரைக் கண்டு ஒதுங்கவேண்டிய பொறுப்பு நடப்பவன்மேலும் மிதிப்பவன்மேலும் வந்து விழுந்தது. இருபதாம் நூற்றாண்டுச் சாலையின் வரலாறே இந்த இடமாற்றத்தின் வரலாறுதான்.

நம்மூர்ப் பெரியவர்களிடம் சைக்கிள் பற்றிக் கேட்டால் மூன்று விஷயம் சொல்வார்கள். ஒன்று, சைக்கிளுக்கு வரி கட்டி வாங்கி மாட்டிய தகர வில்லை. இரண்டு, விளக்கு. இருட்டினபிறகு மண்ணெண்ணெய் விளக்கோ டைனமோவோ இல்லாமல் போனால் போலீஸ்காரர் மறித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். மூன்று, டபுள்ஸ். கேரியரில் ஒருத்தரை வைத்து ஓட்டினால் பிடிப்பார்கள். அதனால் போலீஸைக் கண்டதும் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கி, கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாக நடந்து, முனை திரும்பியதும் மறுபடி ஏறிக்கொள்வார். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. ஃபூக்கோ பள்ளிக்கூடத்திலும் பாசறையிலும் பார்த்த ஒழுங்காக்கம், நம் ஊரில் சைக்கிள் கேரியரில் நடந்தது. வில்லை, விளக்கு, ஒற்றை ஆள் என்று கண்காணிக்கப்பட்ட அந்த உடல், முனை திரும்பியதும் தப்பித்துக்கொண்டது.

இதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். வில்லை அரசாங்கத்துக்கு; விளக்கு ஓட்டுகிறவனுக்கு. இரண்டையும் ஒரே தடியால் அமல்படுத்தியதால் விளக்கும் வரியைப் போன்ற ஒரு தொல்லையாகவே நம் மனதில் பதிந்துவிட்டது. வில்லை போனதோடு விளக்கும் போய்விட்டது. இன்று சென்னை இரவில் ஓடுகிற சைக்கிள்களில் விளக்கு உள்ளதைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

3

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலஸும் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் உள்ளூர்ச் சரக்காயின. துரைமார்களும் வக்கீல்களும் ஓட்டிய வண்டி, அச்சகத் தொழிலாளிக்கும் பால்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் வந்து சேர்ந்தது. 1970இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நடந்த போக்குவரத்து ஆய்வின்படி மொத்தப் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்திருக்கிறது. 2008 ஆய்வில் அது நூற்றுக்கு ஆறாகக் குறைந்தது. மோட்டார் இருசக்கர வண்டி ஏறக்குறைய கால்வாசிப் பயணங்களைப் பிடித்துக்கொண்டது. 1973இல் ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டதும் அதே 1973இல்தான். ஒரே வருஷத்தில் நகரம் ஒரு அவமானத்தைக் களைந்தது. எந்திரத்துக்கு ஒரு உயரத்தையும் கட்டிக்கொடுத்தது. மேம்பாலத்தின் ஏற்றம் மிதிப்பவனின் கால் அளவுக்குப் போட்டதல்ல. எழுதாமலே அங்கே ஒரு பலகை இருக்கிறது: இறங்கித் தள்ளு.

ஒருவழிப் பாதையும் இப்படித்தான். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஒரு தெரு ஒருவழியானால் காருக்கு அது இரண்டு நிமிஷச் சுற்று. மிதிப்பவனுக்கு ஒரு கிலோமீட்டர் மூச்சு. அதனால்தான் சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வருகிறார். அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. எதிர்த்திசையில் வருவதுதான் சைக்கிளில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. குறுக்குத் தெருவிலிருந்து திரும்புகிறவர் வண்டி வரவேண்டிய பக்கத்தைப் பார்ப்பாரே தவிர நம்மை எதிர்பார்க்கமாட்டார். ஆனால் இந்தத் தவறைத் திட்டமிட்டவர் யார் என்றும் கேட்கவேண்டும். பிரான்சில் 2008 முதல், மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லைக்குட்பட்ட பகுதிகளில் பொதுவாக ஒருவழித் தெருக்களில் சைக்கிள் இரு திசையிலும் போகலாம். ஒரே செயல், ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் விதி. வித்தியாசம் மிதிப்பவனிடம் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

இதற்கிடையே சட்டத்தில் ஒரு நூதனமான காரியம் நடந்தது. 1914, 1939, 1988 என்று வந்த மோட்டார் வாகனச் சட்டங்கள் சாலையைப் பற்றிய சட்டமாகவே ஆகிவிட்டன. உரிமம், பதிவு, காப்பீடு, நட்ட ஈடு எல்லாமே மோட்டாரை வைத்து வரையறுக்கப்பட்டன. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே அதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். இது சுதந்திரம்போலத் தோன்றும். ஓரளவுக்குச் சுதந்திரமும்தான். யாரிடமும் பேர் பதியாமல் நகர்கிற வண்டி இந்த நகரத்தில் வேறு ஏது? ஆனால் பதிவில் இல்லாதவன் கணக்கிலும் இல்லாமல் போகிறான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் கச்சேரி ரோட்டில், நின்றிருந்த ஒரு காரின் கதவு பட்டென்று திறந்ததில் விழுந்து எனக்கு மணிக்கட்டு உடைந்தது. கட்டோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன்.

“என்ன வண்டி? நம்பர் சொல்லுங்க.”

“சைக்கிள் சார்.”

“சைக்கிளா?” பேனாவை மூடிவிட்டார். “ஓரமா போயிருக்கலாமே.”

“ஓரமாத்தான் சார் போனேன். ஓரமா போனதாலதான் கதவுல இடிச்சேன்.”

அவர் கெட்டவர் அல்ல. டீ கூட வாங்கிக்கொடுத்தார். அவர் முன்னாலிருந்த தாளில் என் வண்டிக்கான கட்டம் இல்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் 2017இன் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குவிதிகளில் நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் எடுக்கவேண்டும் என்று இருக்கிறது. மோட்டார் வண்டி மோதிய சைக்கிள்காரர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டிருக்கிறது. எனக்கே இதெல்லாம் கட்டுப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. எம்.ஏ. தமிழ் படித்தவன் கதி இது என்றால், விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

4

இந்த வரலாற்றில் ‘இறங்கு’ மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது பொய். ‘ஏறு’ என்று சொன்ன ஒரு கணமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்காரவைக்க அது வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய்வர முடிந்தது என்பதுதான் இதன் அரசியல்.

2001–02இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இரண்டு கழக ஆட்சிகளும் மாறி மாறித் தொடர்ந்த திட்டம் இது. இங்கேதான் முரண். வருஷா வருஷம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்து ‘ஏறு’ என்கிறது அரசு. அந்தப் பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டியதும் அதே அரசு போட்ட சாலை ‘இறங்கு’ என்கிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு அது ஓட இடம் கொடுக்கவில்லை. கொடுத்தது நலத்திட்டம், இடம் என்பது அதிகாரப் பங்கீடு. முதலாவதைச் செய்வது எளிது.

5

‘இடம் கொடுங்கள்’ என்று கேட்கும்போதும் கவனம் தேவை. 1934இல் லண்டனுக்கு வெளியே முதல் சைக்கிள் தடம் திறக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் சைக்கிள்காரர்கள். இன்று தடம் கொடுப்பார்கள், நாளை சாலையைப் பறித்துக்கொள்வார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். அதே வருஷம் நாஜி ஜெர்மனி, தடம் உள்ள இடத்தில் சைக்கிள் அதில்தான் போகவேண்டும் என்று சட்டமாக்கியது. மோட்டாருக்கு வழிவிட சைக்கிளை ஒதுக்குவதும் அதன் நோக்கம். கல்கத்தாவில் தடம்கூடக் கொடுக்கவில்லை. 2008இல் 38 சாலைகளிலும், 2013இல் 174 சாலைகளிலும் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். காரணம் கேட்டால் போக்குவரத்து நெரிசல், பாதுகாப்பு. பால்காரரும் பேப்பர்காரரும் அபராதம் கட்டினார்கள். பாதுகாப்பின் பேரால் அங்கே வந்ததும் ‘இறங்கு’தான்.

இதற்கு எதிரான உதாரணம் நெதர்லாந்து. 1971இல் அங்கே சாலைகளில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலிருந்தே ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ இயக்கம் பேர் எடுத்துக்கொண்டது. ‘விபத்து’ என்ற சொல்லை அவர்கள் ‘கொலை’ என்று மாற்றினார்கள். சொல்லை மாற்றியதும் விசாரிக்கப்படுகிறவன் மாறினான். இன்று உலகம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற டச்சு சைக்கிள் தடங்கள், தெருவை மறித்து உட்கார்ந்த தாய்தகப்பன்மார் வாங்கியவை. ஆக, தடம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியல்ல. மோட்டாரின் வேகத்தைக் குறைத்த பிறகு வருகிறதா, மோட்டாரின் வேகத்தைக் காப்பாற்ற வருகிறதா என்பதுதான் கேள்வி.

இவான் இல்லிச் 1970களில் ஒரு கணக்கு போட்டார். ஓட்டும் நேரம், நிறுத்தத் தேடும் நேரம், கார் செலவுக்காகச் சம்பாதிக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு அமெரிக்கன் வருஷத்துக்கு 1,600 மணிநேரம் கொடுத்து 7,500 மைல் போகிறான். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை என்றார். மாலை ஆறு மணிக்கு உஸ்மான் ரோட்டில் நின்று பார்த்தால் அவர் கணக்கு நமக்கும் புரியும்.

6

2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் நிதியில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவது என்று எழுதிவைத்தது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வந்தது. நடப்பவர்களுக்கு நல்ல காரியம்தான். சைக்கிளுக்கு என்ன வந்தது என்று தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. 2023 நவம்பரில் நகருக்குள் வேக வரம்புகள் அறிவிக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர். மந்தைவெளித் தெருக்களில் அந்த எண்ணை மதித்து ஓடுகிற வண்டி எத்தனை என்பதை அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்லட்டும். 2022இல் மட்டும் நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்.

இப்போது ஒரு புதிய சந்தர்ப்பம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 138(1ஏ) என்று ஒரு பிரிவு நுழைந்தது. மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களுக்கு வருவதை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி செய்யலாம் என்கிறது அது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் அந்த விதிகளைச் செய்யவேண்டும் என்று உத்தரவிட்டது. காலனியக் காலத்துக்குப் பிறகு சைக்கிள்காரனை நோக்கிச் சட்டம் மறுபடி திரும்புகிறது. எந்த முகத்தோடு திரும்பும்? ‘ஒழுங்குபடுத்தல்’ என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். கல்கத்தாவின் தடையையும் அந்தச் சொல்லுக்குள் எழுதலாம். கதவைத் திறக்குமுன் திரும்பிப் பார் என்பதையும் எழுதலாம்.

விதி எழுதுகிறவர்கள் ஓட்டுகிறவர்களிடம் கேட்கவேண்டும். பாண்டி பஜாரில் ராத்திரி சைக்கிளில் கேன் கட்டி சுக்கு காபி விற்கிற ஒருவரிடம் நான் கேட்டேன். அவர் வண்டியில் முன்னால் ஒரு டார்ச், பின்னால் சிவப்பாக மினுக்குகிற ஒரு பேட்டரி லைட்டு. “போலீஸ் கேக்குறாங்களா?” என்றேன். “அவங்க எங்க சார் கேக்குறாங்க? நாம இருக்குறது தெரியணும் இல்ல.” பிறகு அவராகவே சொன்னார்: “ரொம்ப ஓரமா போவாதீங்க. நிக்கிற காருக்கு ஒரு கதவு தூரம் விட்டுப் போங்க. பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாதீங்க, அவன் ஸ்டாப்புல ஒடிச்சிருவான். திரும்பறதுக்கு முன்னால பின்னால பாத்து கை காட்டுங்க. கையக் காட்டுனா நூத்துல எம்பது பேர் விடுவாங்க.” எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக இல்லை. ஓரத்தில் ஒண்டாமல், பயப்படவும் செய்யாமல், பிறர் கண்ணில் படும்படி, கணிக்கும்படி ஓட்டுவது. அவர் பாதுகாப்பு என்றது இதைத்தான். நான் உரிமை என்பதும் இதைத்தான்.

மீதி இருபது பேருக்குத்தான் சட்டம் வேண்டும். வேக வரம்பை அமல்படுத்துவது, கடக்கும்போது விடவேண்டிய இடைவெளியை எண்ணாகச் சொல்வது, உட்தெருக்களின் ஒருவழியிலிருந்து சைக்கிளுக்கு விலக்கு, மேம்பாலத்தின் கீழே தடையில்லாத வழி, காவல் நிலையத் தாளில் சைக்கிளுக்கு ஒரு கட்டம். பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி விதிகளை முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் இறுதி செய்யவேண்டும். அந்த வரைவு அரசிதழில் வருகிறபோது அதைப் படித்து, ஆட்சேபம் இருந்தால் ஒரு தாளில் எழுதி அனுப்புகிற வேலை நமக்கு உண்டு. கார் கம்பெனிகள் தங்கள் கடிதத்தைத் தாமதமில்லாமல் அனுப்பிவிடும். சுக்கு காபிக்காரர் கடிதம் எழுத உட்காரமாட்டார். அந்த நேரத்தில் அவர் துரைசாமி சப்வேயில் ஏற்றம் மிதித்துக்கொண்டிருப்பார்.